செந்தூரம் இல்லாத களிம்பு

சவரி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் களிம்பைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை மட்டும் விழுங்கிவிட்டேன். கல்யாணத்துக்கு ரயில்வேயில் லீவு கிடைத்துவிட்டது, பொன்மலையில் வீடு பார்த்துவிட்டாய், வெள்ளையடித்தாகிவிட்டது என்பதையெல்லாம் கேட்டு அவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம பையன் உசாரானவன்டி" என்றார். உசாரானவன்தான், யார் இல்லை என்றது? ஒரு காரியத்தைப் பிடித்தால் முடிக்காமல் விடமாட்டாய். அதுதான் எனக்கு இப்போது பயம்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கல்யாணம் முடிந்ததும் பிலோமியையும் நம் வீட்டு மருந்துக் கல்வத்தையும் பொன்மலைக்குக் கொண்டுபோகப் போகிறாய். அங்கே ஒர்க்‌ஷாப் ஆட்களுக்குக் கையிலும் தொடையிலும் படையும் புண்ணுமாக இருக்கிறதாம். அவர்களுக்குத் தாத்தாவின் சிவப்புக் களிம்பை அசல் பக்குவத்தில் செய்து டப்பாவில் போட்டுக் கொடுக்கப் போகிறாய். பக்குவத்தை ரோசாலி அத்தை சொல்லிவிட்டாள். பெயிண்ட் பிரிவில் இருக்கிற தோஸ்து செந்தூரப் பொடி ஒரு டின் தந்துவிட்டான். அரைக்கிற வேலையைக் குடும்ப வழக்கப்படி பிலோமி பார்த்துக்கொள்வாள். அதோடு நிறுத்தினாயா? "நீங்கள் இப்போது செய்வது வெளிறிப்போய்விட்டது அம்மா, அதில் பழைய வேகம் இல்லை" என்று ஒரு வரி வேறு. முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரித்துவிட்டேன். அதை வெளிற வைத்தவளே நான்தானடா.

உட்கார்ந்து நிதானமாகப் படி. பெரிய கடிதம் இது. நடுவில் எங்கேயும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதே.

உன் தாத்தா துறைமுகத்தில் பெயிண்டர் என்பது உனக்குத் தெரியும். கப்பலில் துருவைச் சுரண்டி எடுத்ததும் இரும்பின் மேல் முதல் பூச்சாகப் பூசுவது செந்தூரம். கிச்சிலிப்பழ நிறத்தில், மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் ஒரு பிடி அள்ளினால் கையைக் கீழே இழுக்கும், அத்தனை கனம். தாத்தா அதைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். "வருசம் பூரா உப்புத் தண்ணில கெடக்கிற இரும்பயே காப்பாத்துது. மனுசன் தோலு எம்மாத்திரம்?" என்பார். நாட்டு வைத்தியர்களும் செந்தூரம் போட்டுக் களிம்பு செய்வதுண்டு என்பதால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. செந்தூரம், கொஞ்சம் துருசு என்கிற மயில்துத்தம், நல்லெண்ணெய், தேன்மெழுகு. அவ்வளவுதான் அந்தப் பெரிய ரகசியம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அந்தக் களிம்பு படாத உடம்பு கிடையாது. கயிறு அறுத்த உள்ளங்கை, உப்பில் வெந்த விரலிடுக்கு, பிள்ளைகள் தலைச்சிரங்கு, பால் கொடுக்கிறவளுக்கு மார்க்காம்பு வெடிப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஞாயிறு பூசை முடிந்து நேராக நம் வாசலுக்கு வருவார்கள். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்போம். மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்று தாத்தா சட்டம் போட்டிருந்ததால் மீனோ நண்டோ வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் களிம்பு கேட்டது. புண் சீக்கிரம் காய்ந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். கேட்காத மருந்தாக இருந்திருந்தால் ஜனங்களே எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள், எனக்கு இத்தனை பாடு இருந்திருக்காது.

அரைக்கிற வழக்கம் எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது. புது மருமகளின் கை பட்டால் மருந்துக்கு வேகம் என்று ஒரு நம்பிக்கை. கல்யாணமாகி வந்ததும் நவநாள் ஒன்பது நாளும் அவள் செந்தூரத்தை அரைக்க வேண்டும். ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அரைக்க வேண்டும், வாய் மூடக்கூடாது. நானும் அரைத்தேன். 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லப் பொடி பறந்து உதட்டில் மாவு மாதிரி ஒட்டும். நகத்தில் ஏறிய சிவப்பு கழுவினாலும் போகாது, அதே கையால் சோறும் தின்போம். எனக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு மருமகள் யாரும் வரவில்லை. அதனால் நவநாள் முடிந்தும் கல்வம் என் கையை விட்டுப் போகவில்லை. வருசக்கணக்காக நான்தான்.

உனக்கும் லில்லிக்கும் நடுவே இத்தனை வயது வித்தியாசம் ஏன் என்று நீ கேலி பண்ணுவாயே, "தங்கச்சியா, பொண்ணா" என்று உன் தோஸ்துகள் கேட்கிறார்கள் என்று சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். உனக்குப் பிறகு எனக்கு உண்டானது எதுவும் தங்கவில்லை. இரண்டாம் மாசத்திலும் மூன்றாம் மாசத்திலும் கலைந்து கலைந்து போயிற்று. ஒன்று ஏழு மாசம் வரைக்கும் வந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரம் இல்லாமல் போயிற்று. நீ அப்போது சின்னவன், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி உன்னை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர், என் கர்ப்பப்பை சூடு என்றார்கள் சிலர். ரோசாலி அத்தை எனக்காக மாதா கோயிலுக்கு முழங்காலால் நடந்தாள். அவள் நல்லவள்தான், சவரி. அவள் மேல் வருத்தம் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை.

அப்புறம்தான் அப்பாவின் கை. யுத்தத்தில் துறைமுகத்துக்கு ஓயாமல் கப்பல் வந்துகொண்டிருந்த சமயம், தாத்தாவைப் போலவே அங்கே பெயிண்டராக இருந்த அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருந்தது. ஒரு நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை என்றார். கொஞ்ச நாளில் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. விரல் மடங்கும், ஆனால் கையை நிமிர்த்தச் சொன்னால் நிமிராது. வாதம் என்று எண்ணெய் தேய்த்தோம். அந்தக் கைக்கும் நம் களிம்பையே பூசினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேட்காமல் போகவே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கையைத் தொடவே இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். பல்லோரமாக நீலக்கோடு ஓடியிருந்தது.

"என்ன வேலை?" என்றார்.

"ஆர்பர்ல பெயின்ட்டரு சார்."

"சிவப்புப் பொடியா? இது வாதம் இல்லையப்பா. ஈயம். அந்தப் பொடி பூராவும் ஈயம். மூச்சிலயும் சோத்துலயும் உள்ளே போய்த் தங்கிடும். வேலையை மாத்திக்கோ."

அப்பா தலையை ஆட்டினார். நான்தான் கேட்டேன். "அத புண்ணுமேல தடவுனா இன்னா ஆவும் சார்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "புண்ணு மேலயா? யாரும்மா தடவுறது?"

நான் முந்தானையை இழுத்து என் கையை மூடிக்கொண்டேன். அவர் விடவில்லை, குழந்தை குட்டி எத்தனை என்று கேட்டார். சொன்னேன். கலைந்ததையும் சொன்னேன். ஈயத்தோடு வேலை செய்கிற பெண்களுக்கு அப்படி ஆவதுண்டு என்றார். என்னுடையதும் அதனால்தான் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை, நானும் உன்னிடம் பண்ணமாட்டேன். ஆனால் கல்வத்திலிருந்து செந்தூரத்தை எடுத்தேன், அதற்குப் பிறகு லில்லி பிறந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவு. எனக்கு அது போதும்.

'அப்போதே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே அம்மா' என்று உனக்குத் தோன்றும். யோசித்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்காத வீடு நம் தெருவில் எது? நான் களிம்பை நிறுத்தினால் அவனவன் ஒரு பொட்டலம் செந்தூரத்தைக் கொண்டுவந்து தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தானே பூசிக்கொள்வான். நாங்கள் அளவோடு போட்டதை அவன் அள்ளிப் போடுவான். அதனால் களிம்பு நிற்கக்கூடாது, உள்ளே இருப்பது மட்டும் மாற வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "உன் இஷ்டம், ஆனா ரோசாலி அக்காவுக்குத் தெரிஞ்சா பேஜாரு" என்றார்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போய்க் கேட்டதில், துத்தநாகத்தைச் சுட்டு எடுக்கிற வெள்ளைப் பொடி ஒன்று இருக்கிறது, ஜிங்க் என்பார்கள், புண்ணைக் காய வைக்கும், இந்தக் கெடுதல் கிடையாது என்றார். வாங்கிவந்து மெழுகிலும் எண்ணெயிலும் குழைத்தேன். பார்க்க அழகாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. மீன் விற்கிற செல்லம்மாதான் முதலில் வந்தாள். இலையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, சுண்ணாம்பு கணக்கா கீது? வெத்தலைல தடவிக்கவா?"

கொண்டு போகவே இல்லை. நண்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள், பாவம். அடுத்து சொறி சிரங்குக்கு நல்லதென்று கந்தகத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். அழுகிய முட்டை நாற்றம். "எங்க மேல வர்ற மீன் கவுச்சி பத்தாதுன்னு இது வேறயா" என்று பொம்பளைகள் மூக்கைப் பிடித்தார்கள். நிறம் வேண்டுமென்று காவிக்கல்லைக் கழுவி இழைத்துச் சேர்த்தேன். அளவு தெரியாமல் போட்டதில் ஈஸ்டர் பூசைக்கு வந்த பாதிப்பேர் வேட்டியில் காவிக்கறை. சாமியாருக்குச் சந்தேகமே வந்திருக்கும், ஜனங்கள் மதம் மாறிவிட்டார்களோ என்று.

நிறம் வந்தது. எரிச்சல் வரவில்லை. பழைய களிம்பில் துருசு இருந்ததால் சுரீரென்று பிடிக்கும். எரிந்தால்தான் மருந்து என்று நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம். அதற்காக மிளகை எண்ணெயில் காய்ச்சிச் சேர்த்தேன். கபிரியேல் மாமாதான் அகப்பட்டார். அவருக்குப் படை எங்கே என்று கேட்டால் சொல்லமாட்டார், நடையைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் "கர்த்தாவே, எரியுதே" என்று கத்திக்கொண்டு தெருவைப் பிளந்து ஓடி, கட்டின வேட்டியோடு கடலில் விழுந்தார். உப்புத் தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நிற்கிறார். "மெய்யாலுமே படா மருந்துமா இது! நம்ம பெர்சு காலத்துலகூட இப்டி எரிஞ்சதில்ல. ரவ எரிச்சல மட்டும் கொறச்சுக்கோ." அவர் படை ஆறவில்லை, சவரி. எரிந்ததிலேயே மனசு ஆறிவிட்டது.

அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன், நீயும் கேட்டுக்கொள். ஜனங்களின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதே, கேலியும் பண்ணாதே. கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போ. மிளகை எடுத்துவிட்டுக் கற்பூரம் கொஞ்சம் சேர்த்தேன், சுருக்கென்று ஒரு பிடிப்பு இருக்கும், ஆளைக் கடலில் தள்ளாது. நல்லெண்ணெய்க்குப் பதில் புங்கெண்ணெய். கந்தகம் வாசனை தெரியாத அளவுக்கு. பழையதைப் போல மூன்றாம் நாளே காயாது, ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். புண்ணை முதலில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுப் போடு என்று ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்கச் சொன்னேன். கழுவியதில் பாதி ஆறியது என்று நினைக்கிறேன். பழகிய பிறகு காவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வருசத்துக்கு வருசம் நிறம் இறங்கியது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ ஒருவன்தான் பொன்மலையிலிருந்து லீவில் வந்து கண்டுபிடித்தாய். கெட்டிக்காரன்.

அத்தைக்குக் கண்ணைவிடக் கைதான் கூர்மை. ஒரு நாள் களிம்புச் சட்டியைத் தூக்கியவள் திரும்ப வைத்துவிட்டாள்.

"கனம் எங்கடி? இன்னாத்த கலந்த? எங்க நைனா மருந்த நாஸ்தி பண்ணிட்டியா?"

சொன்னேன், ஒன்றுவிடாமல். அவள் நம்பவில்லை. "நீ வர்றதுக்கு முன்னால நான் அரைக்கல? எங்கம்மா அரைக்கல? நாங்க இன்னா செத்தா பூட்டோம்? வந்தவளுக்கு வகுறு சரியில்லன்னா மருந்து மேல பழியா?" என்றாள். அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்கே தெரியும், சொன்ன உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து அவள் முன்னால் வலது கையை நீட்டினார்.

"அக்கா, இந்தக் கைய நிமித்தி உட்டுட்டு அப்பால அவளக் கேளு."

அத்தை அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அழுகை வேறு, ஒப்புக்கொள்வது வேறு. தன் அப்பா நாற்பது வருசம் ஊருக்குக் கொடுத்தது விஷம் என்று ஒப்புக்கொள்ள ஒரு மகளுக்கு எப்படி முடியும்? அதனால்தான் உன் கல்யாணப் பேச்சு வந்ததும் பழைய பக்குவத்தை உன் காதில் ஓதியிருக்கிறாள். அவளுக்கு அது அவள் அப்பாவின் பெயர். அவளிடம் சண்டைக்குப் போகாதே. ஆனால் அவள் சொன்னதைச் செய்யவும் செய்யாதே.

களிம்பு செய்து கொடுக்க வேண்டும் என்கிற உன் ஆசை நல்ல ஆசை. செய். கல்வத்தையும் எடுத்துக்கொண்டு போ, ஆனால் இது செந்தூரம் ஊறிக் கிடந்த பழைய கல்வம் இல்லை, புதுசு. பழையதை உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது. மேலே சொன்னவைதான் சாமான், அளவு நீ வரும்போது கையில் காட்டுகிறேன். கைக்குழந்தைக்குக் கொடுப்பதில் கற்பூரமும் கந்தகமும் சேர்க்காதே. ஆழமான புண், சீழ் வைத்தது, காய்ச்சலோடு வருவது, இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, வைத்தியன் வேஷம் போடாதே. அந்த டின்னை உன் தோஸ்திடமே திருப்பிக் கொடு. அவனையும் சாப்பிடும் முன் கையைத் தேய்த்துக் கழுவச் சொல்.

இனி பிலோமி. போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். அத்தை அவளைக் கூப்பிட்டு நவநாள் வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அந்தப் பெண்ணைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய், உனக்கு இப்போது எழுதியதையெல்லாம் உனக்கு முன்னால் அவளிடம் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். வயிறு அவளுடையது. அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "அவருக்கு இது தெரியுமா மாமி?"

"தெரியாது. இனிமேதான் எழுதப் போறேன்."

"தெரிஞ்ச அப்பால இன்னா சொல்றாரோ பாப்போம். நான் அரைக்கமாட்டேன்னு மட்டும் சொல்லல மாமி. அந்தப் பொடி வூட்டுக்குள்ள கீதுன்னா நான் அந்த வூட்டுக்கே வரமாட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மாமனார் முன்னால் ஒரு தடவை நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

கோயிலில் உங்கள் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு பூசையில். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சாமியார் வாசிப்பார், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அப்படியே அடுத்த ஜெபத்துக்குப் போய்விடுவார். இந்தத் தடவை அப்படிப் போகாது. டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி சனிக்கிழமைத் தபாலுக்குள் எனக்கு வர வேண்டும். வராவிட்டால் தடை எனக்குத் தெரியும் என்று எழுந்து சொல்வேன். என்ன தடை என்று சாமியார் கேட்பார், உன் தாத்தாவின் களிம்பில் என்ன இருந்தது என்று ஊர் முழுக்க வைத்துச் சொல்வேன். உன் அத்தை அங்கே இருப்பாள், அப்பாவும் இருப்பார். எனக்கு அவமானம்தான், உனக்கும்தான். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்குத் தாயே தடை சொன்னாள் என்று சாகும்வரை பேசுவார்கள், பேசட்டும்.

நான் தனியாக நிற்பேன் என்று நினைக்காதே. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் என் பக்கத்திலேயே உட்காருவதாகப் பிலோமி சொல்லியிருக்கிறாள்.

உன் அம்மா